‘ஹலோ’வுக்கு அப்புறம் வரும் பத்து விநாடி

கோத்தகிரியில் ஒரு வாடகை வீட்டின் முன்னறை. நாலு பிளாஸ்டிக் நாற்காலி, நாலு போன், ஆளுக்கொரு நம்பர் பட்டியல். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் வேலை ஆரம்பிக்கும். அதற்கு முன்னால் கூப்பிட்டால் தோட்டத்தில் இருப்பவர்கள் போனை எடுக்க மாட்டார்கள். பச்சைத் தேயிலைக்கு என்ன விலை கிடைக்கிறது, உரத்துக்கு எவ்வளவு போகிறது, கொழுந்து பறிக்க ஆள் கிடைக்கிறதா என்று சிறு தேயிலை விவசாயிகளிடம் கேட்கும் சர்வே அது. போனில் பேசுகிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை.

நாலு பேருக்கும் ஒரே கேள்வித்தாள். பட்டியலையும் குலுக்கிப் போட்டுத்தான் பிரித்திருந்தோம். ஆனாலும் முதல் வாரத்திலேயே ஒரு வித்தியாசம் தெரிய ஆரம்பித்தது. ஒரு தம்பி கல்லூரிப் பேச்சுப் போட்டிகளில் பரிசு வாங்கியவர். கணீரென்ற குரல், ஒரு சொல் பிசகாது. அவரிடம்தான் “வேண்டாங்க” என்று சொல்லி வைத்தவர்கள் அதிகம். இன்னொரு பெண்ணுக்குக் கொஞ்சம் கம்மிய குரல். “ம்... அது வந்துங்க...” என்று நடுவில் நிறுத்தி யோசித்துத்தான் பேசுவார். அவரிடம் ஆட்கள் உட்கார்ந்து பேசினார்கள். பாதிக் கேள்வியில் அடுப்பை அணைத்துவிட்டு வந்து மறுபடி பேசியவர்களும் உண்டு.

நாலு பேரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஆனால் இந்தக் கேள்வியைப் பெரிய அளவில் கேட்டுப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். கூப்பிடுகிறவரின் குரலுக்கும், எடுத்தவர் “சரி, கேளுங்க” என்று சொல்வதற்கும் என்ன தொடர்பு என்று 1980களிலிருந்தே ஆராய்ந்து வருகிறார்கள். அந்த ஆய்வுகள் சொல்வதையும், எங்கள் மலையில் நான் காதால் கேட்டதையும் சேர்த்து எழுதுகிறேன். சர்வே பற்றி எதுவும் தெரியாதவர்களும் படிக்கலாம்.

மறுப்பதால் என்ன கெட்டுவிடும்?

“ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்” என்கிறோம். சர்வேயின் அடிப்படையும் அதுதான். எல்லோரையும் கேட்க முடியாது. குலுக்கல் முறையில் சிலரை எடுத்து, அவர்கள் பதிலை வைத்து முழுப் பானையையும் மதிப்பிடுகிறோம். ஆனால் பானையில் இருக்கும் பருக்கை “என்னை எடுக்காதே” என்று நகர்ந்துகொள்ளாது. மனிதர்கள் நகர்ந்துகொள்வார்கள். அந்த உரிமை அவர்களுக்கு உண்டு. சிக்கல் என்னவென்றால், நகர்ந்துகொள்கிறவர்கள் ஒரே மாதிரி ஆட்களாக இருந்துவிட்டால், கையில் மிஞ்சிய பருக்கை மொத்தப் பானையின் பதத்தைச் சொல்லாது.

இதற்கு எல்லோரும் சொல்லும் உதாரணம் 1936ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தல். ‘லிட்டரரி டைஜஸ்ட்’ என்ற பத்திரிகை சுமார் 1 கோடிப் பேருக்குத் தபாலில் மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கு மேல் திரும்பி வந்தன. அவ்வளவு பெரிய எண்ணிக்கையை வைத்துக்கொண்டு, அப்போதைய அதிபர் ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன்தான் ஜெயிப்பார் என்று சொன்னது. நடந்தது வேறு. இருந்த 48 மாநிலங்களில் 46ஐ ரூஸ்வெல்ட் பிடித்தார். டெலிபோன், கார் வைத்திருந்த வசதியானவர்களின் பட்டியலிலிருந்து பெயர் எடுத்தது ஒரு தவறு. பதில் போட்டவர்களும் போடாதவர்களும் மனதளவில் வேறு வேறு ஆட்களாக இருந்தது இன்னொரு காரணம். அது தபால் சர்வேதான், போன் இல்லை. ஆனால் “யார் ஒதுங்கினார்கள்?” என்ற கேள்வி இரண்டுக்கும் பொது.

போனில் நிலைமை வருஷத்துக்கு வருஷம் மோசமாகி வருகிறது. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் தன் டெலிபோன் சர்வேக்களின் கணக்கைப் பல ஆண்டுகளாக வெளியிட்டிருக்கிறது. 1997இல் 36 சதவீதம் பேர் பதில் சொன்னார்கள். 2012இல் அது 9 சதவீதம். 2018இல் 6 சதவீதம். நூறு பேரைத் தேர்ந்தெடுத்தால் ஆறு பேர்.

எங்கள் தேயிலை சர்வேயை நினைத்துப் பாருங்கள். தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வீட்டில் இருக்கும் பெரியவருக்குப் பேச நேரம் இருக்கிறது. அரை ஏக்கரில் தானே கொழுந்து பறித்து, மீதி நாளில் அடுத்தவர் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறவருக்கு நேரமும் இல்லை, தெரியாத குரலிடம் பேசத் தெம்பும் இல்லை. முதலாமவர் பேசி, இரண்டாமவர் போனை வைத்துக்கொண்டே போனால், “சிறு விவசாயியின் நிலைமை” என்று நாம் எழுதுவது முதலாமவரின் நிலைமை மட்டும்தான். யார் கஷ்டத்தை அளக்கப் போனோமோ அவரே கணக்கில் இல்லாமல் போய்விடுவார். ஒரு “வேண்டாங்க”வை நான் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வது அதனால்தான்.

போனில் வருவது பாதிக் குரல்

நேரில் ஒருவர் வீட்டுக்குப் போனால் நம்மைப் பற்றி நாம் சொல்வதற்கு முன்பே பல விஷயங்கள் சொல்லிவிடும். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை, கையில் நோட்டு, மேடேறி வந்த மூச்சிரைப்பு, செருப்பில் ஒட்டிய சேறு. போனில் இது எதுவும் இல்லை. குரல் மட்டும்தான். அந்தக் குரலும் முழுசாகப் போய்ச் சேர்வதில்லை.

பழைய டெலிபோன் அமைப்பு சுமார் 300 ஹெர்ட்ஸ் முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைத்தான் கடத்தும். நம் குரலின் அடிப்படைச் சுருதி ஆண்களுக்குப் பொதுவாக 100, 120 ஹெர்ட்ஸ் பக்கம். பெண்களுக்கு 200ஐ ஒட்டி. இரண்டுமே 300க்குக் கீழே. அதாவது நம் குரலின் அடிச்சுருதியைப் போன் வெட்டிவிடுகிறது. மேலே எழும் ஒலிகளை வைத்து, அடியில் இருந்திருக்க வேண்டியதைக் கேட்பவரின் மூளையே கட்டிக்கொள்கிறது. மேல்பக்கமும் இதே கதைதான். ‘ஸ’வும் ‘ஃப’வும் பெரும்பாலும் 3400க்கு மேலேதான் வேறுபடுகின்றன. அதனால்தான் போனில் பெயரைச் சொல்லும்போது “எஸ்ஸா, எஃப்ஃபா?” என்று திரும்பக் கேட்கிறார்கள். இப்போதைய 4ஜி அழைப்புகளில் இன்னும் அகலமான ஒலி வரும். ஆனால் மலையில் ஒரு வளைவு திரும்பினால் டவர் போய்விடும். குரல் துண்டு துண்டாக வரும். பாதி சொல் மூடுபனிக்குள் போன மாதிரி இருக்கும்.

இந்தப் பாதிக் குரலை வைத்துக்கொண்டு, எடுத்தவர் சில விநாடிகளில் ஒரு முடிவுக்கு வருகிறார். ஆணா பெண்ணா, எந்தப் பக்கத்து ஆள், விற்க வந்தவரா கேட்க வந்தவரா, வாசிக்கிறாரா பேசுகிறாரா. பெரும்பாலான மறுப்புகள் முதல் ஒரு நிமிடத்துக்குள்ளேயே, முதல் கேள்விக்கு முன்பே வந்துவிடுகின்றன. கேள்விகள் நல்லவையா கெட்டவையா என்பதெல்லாம் அந்த வாசலைத் தாண்டியவர்களுக்குத்தான்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

இந்தத் துறையின் ஆரம்ப ஆய்வு 1986இல் வந்தது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லோயிஸ் ஆக்ஸன்பெர்க், சார்லஸ் கேனல் முதலானவர்கள் செய்தது. குறைவாக மறுக்கப்பட்டவர்களின் குரலையும் நிறைய மறுக்கப்பட்டவர்களின் குரலையும் ஒலிப்பதிவில் கேட்கவைத்து ஒப்பிட்டார்கள். குறைவாக மறுக்கப்பட்டவர்களின் குரலில் சுருதி சற்று உயர்ந்திருந்தது. ஏற்ற இறக்கம் அதிகம். கொஞ்சம் உரக்க, கொஞ்சம் வேகமாக, சொற்கள் தெளிவாகப் பிரிந்து கேட்கும்படி பேசினார்கள். சுருக்கமாகச் சொன்னால், தூங்கி வழியாத குரல்.

அதோடு விஷயம் முடிந்திருந்தால் எங்கள் பேச்சுப் போட்டித் தம்பிதான் ஜெயித்திருக்க வேண்டும்.

அதே பல்கலைக்கழகத்தில் ஃபிரெடரிக் கான்ராடும் அவர் குழுவினரும் இன்னும் பெரிதாக ஒரு ஆய்வு செய்தார்கள். முடிவுகளை 2011இல் அறிவித்தார்கள், 2013இல் ஆய்விதழில் வெளியிட்டார்கள். 100 பேர் பேசிய 1,380 அறிமுகப் பேச்சுகளின் ஒலிப்பதிவை எடுத்துக்கொண்டு, வேகம், சுருதி, தடங்கல் எல்லாவற்றையும் அளந்தார்கள். வேகத்தில் நடுவாந்தரம்தான் நல்லது என்று தெரிந்தது. விநாடிக்குச் சுமார் 3.5 சொற்கள் பேசியவர்களிடம் அதிகம் பேர் ஒப்புக்கொண்டார்கள். மிக வேகமாகப் பேசியவர்களிடமும், மிக நிதானமாக இழுத்தவர்களிடமும் குறைவு. அவசரமாகப் பேசினால் எதையோ மறைத்துத் தள்ளிவிடப் பார்க்கிறார் என்று தோன்றும். இழுத்தால் ரொம்பவும் கணக்குப் பார்த்துப் பேசுகிறார் என்று தோன்றும்.

சுருதியில் ஒரு புதுத் தகவல் வந்தது. ஆண்களில் கனத்த குரல் உள்ளவர்களைவிட உயர்ந்த சுருதியில் பேசியவர்களிடம் மறுப்பு அதிகம். பெண்களில் அப்படி எந்தத் தெளிவான தொடர்பும் இல்லை. 1986இல் உயர்ந்த சுருதி நல்லது என்று வந்ததல்லவா, அதோடு இது முழுசாக ஒத்துப்போகவில்லை. சுருதியை மட்டும் பிடித்துக்கொண்டு ஆள் தேர்ந்தெடுப்பது தவறு என்று நான் நினைப்பது இதனால்தான். “நல்ல குரல் உள்ளவர்கள் தேவை” என்று விளம்பரம் கொடுக்கிறவர்கள் தப்பான இடத்தில் தேடுகிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது தடங்கல் பற்றிய முடிவு. சாதாரணமாகப் பேசும்போது நாம் நிமிடத்துக்கு நாலைந்து முறை நிறுத்துகிறோம். சில நேரம் வெறும் மௌனம், சில நேரம் “ம்”, “அ...”, “வந்து”. கூப்பிட்டவர்களில் துளித் தடங்கலும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனவர்களுக்குத்தான் வெற்றி மிகக் குறைவு. ரொம்பத் திக்கித் தடுமாறியவர்களுக்குக்கூட அவர்களைவிட நல்ல பலன் கிடைத்தது. அளவாக நிறுத்தி நிறுத்திப் பேசியவர்களுக்கு அதிகம். காரணம் எளிது. தடங்கலே இல்லாத பேச்சு மனப்பாடம் செய்த பேச்சாகக் கேட்கிறது. எதிரில் ஒரு ஆள் இருப்பதை அது கவனிப்பதில்லை.

அந்தக் கம்மிய குரல் பெண்ணின் “ம்... அது வந்துங்க...” எதற்கு உதவியது என்று எனக்குப் புரிந்தது அப்போதுதான். அந்த இடைவெளியில் எதிர்ப்பக்கம் இருப்பவர் நுழைய முடிகிறது. “ம், சொல்லும்மா” என்று ஒரு சொல் சொல்ல முடிகிறது. கதை கேட்கிறவர்கள் உம் கொட்டுவதில்லையா, அதேபோல் சர்வேக்கு ஒப்புக்கொள்ளப் போகிறவர்களும் அறிமுகப் பேச்சின்போதே அடிக்கடி உம் கொட்டுகிறார்கள் என்று கான்ராட் குழுவும் பதிவு செய்திருக்கிறது. உம் கொட்ட இடம் விடாதவர்களுக்கு உம் கிடைக்காது.

தமிழில் 3.5 சொற்கள் என்றால்?

இந்த எண்ணை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து தமிழுக்கு வைக்கக்கூடாது. இதை ஒருமுறை நானே தப்பாகச் செய்து, பேசுகிறவர்களைத் திணறடித்திருக்கிறேன். ஆங்கிலத்தில் “ஹலோ, ஐ ஆம் காலிங் ஃப்ரம் கோத்தகிரி” என்றால் ஆறு சொல். தமிழில் “ஹலோ, கோத்தகிரியிலிருந்து கூப்பிடறேன்” என்றால் மூன்றே சொல். நம் மொழியில் வேற்றுமை, இடம், ஆள் எல்லாம் சொல்லோடு ஒட்டிக்கொண்டு நீளும். ‘கோத்தகிரியிலிருந்து’ என்ற ஒரே சொல்லில் எட்டு ஒலியசை இருக்கிறது. விநாடிக்கு இப்படி மூன்றரைச் சொல் என்றால் மனிதர்களால் பேச முடியாது.

சொல்லை விட்டுவிட்டு அசையை எண்ணினால் ஓரளவு சரியாக வரும். ஆங்கிலச் சொல் ஒன்றுக்குச் சராசரி ஒன்றரை அசை என்று வைத்தால், விநாடிக்கு ஐந்து அசைக்குக் கொஞ்சம் கூட. தமிழில் அது ஒன்றரை, இரண்டு சொல். இது என் தோராயக் கணக்குதான். ஆனால் பயிற்சியில் இதை வைத்துத்தான் வேகத்தைச் சரிசெய்தோம். ஊர்ப்பெயர், நிறுவனத்தின் பெயர் இரண்டையும் இன்னும் நிதானமாகச் சொல்லச் சொல்வேன். எடுத்தவர் பிடித்துக்கொள்ள வேண்டிய சொற்கள் அவை. அவற்றைக் கடகடவென்று சொன்னால், “யாரு? எங்கிருந்து?” என்று கேட்பார்கள். இரண்டாம் முறையும் புரியவில்லை என்றால் மூன்றாம் முறை கேட்க மாட்டார்கள், வைத்துவிடுவார்கள்.

எழுத்துத் தமிழை வாசித்தால்

வேகத்தைவிட, சுருதியைவிட, தமிழில் பெரிய விஷயம் இது என்பது என் உறுதியான கருத்து. நாம் எழுதும் தமிழ் வேறு, பேசும் தமிழ் வேறு. சர்வேக்கு அறிமுகம் எழுதுகிறவர் மேஜையில் உட்கார்ந்து எழுத்துத் தமிழில் எழுதுகிறார். பேசுகிறவர் அதை அப்படியே வாசிக்கிறார். ஒரு உதாரணம் பாருங்கள்:

“வணக்கம். சிறு தேயிலை விவசாயிகளின் பொருளாதார நிலை குறித்த ஆய்வு ஒன்றினை நாங்கள் மேற்கொண்டு வருகிறோம். இவ்வாய்வில் தாங்கள் பங்கேற்க விருப்பமுள்ளவரா?”

இதை எவ்வளவு இனிய குரலில் வாசித்தாலும் வாசிப்பாகத்தான் இருக்கும். ‘இவ்வாய்வில்’ என்ற சொல்லைப் போனில் கேட்டதும் பதிவு செய்த அறிவிப்பு என்றே பலர் நினைத்துக்கொள்கிறார்கள். ஒரு பெரியவர் எதுவும் பேசாமல் காத்துக்கொண்டே இருந்தார். எந்தப் பட்டனை அமுக்க வேண்டும் என்று சொல்வார்கள் என எதிர்பார்த்தாராம்.

அதே விஷயத்தை அந்தப் பெண் இப்படிச் சொன்னார்:

“வணக்கங்க. நான் கோத்தகிரியில இருந்து பேசறேங்க. ம்... பச்சைத் தேயிலை விலை பத்தி, உரச் செலவு பத்தி விவசாயிங்ககிட்ட கேட்டுட்டு இருக்கோம். ஒரு பத்து நிமிஷம் ஆகும். இப்ப பேச முடியுங்களா, இல்ல வேலையா இருக்கீங்களா?”

எங்கிருந்து, எதற்கு, எவ்வளவு நேரம், இப்போது முடியுமா. எல்லாம் இருக்கிறது. ‘ங்க’ என்ற கொங்குப் பக்கத்து மரியாதை, கோவைக்கு மேலே இருக்கும் இந்த மலையில் காதுக்குப் பழகியது. கடைசிக் கேள்வியில் “இல்ல வேலையா இருக்கீங்களா” என்று அவர் விடும் வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது. மறுக்க விரும்புகிறவருக்கு மரியாதையான ஒரு கதவைத் திறந்து வைக்கிறார். அந்தக் கதவு இருப்பதாலேயே பலர் உள்ளே நின்று பேசுகிறார்கள்.

நெதர்லாந்தில் ஹவுட்கோப்-ஸ்டீன்ஸ்ட்ராவும் வான் டென் பெர்க்கும் 2000இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. சிலருக்கு முழு அறிமுகத்தையும் எழுதிக் கொடுத்தார்கள். சிலருக்குச் சொல்ல வேண்டிய குறிப்புகளை மட்டும் கொடுத்து, சொந்த வார்த்தையில் பேசச் சொன்னார்கள். குறிப்பை மட்டும் வைத்துப் பேசியவர்களுக்கே அதிகம் பேர் ஒத்துழைத்தார்கள். டச்சு மொழியிலேயே இப்படி என்றால், பேச்சுக்கும் எழுத்துக்கும் இவ்வளவு தூரம் உள்ள தமிழில் எப்படி இருக்கும்!

இங்கே புதியவர்கள் ஒரு இடத்தில் குழம்புவார்கள். சொந்த வார்த்தை அறிமுகத்துக்கு மட்டும்தான். கேள்விகளை எழுதியபடியே கேட்க வேண்டும். “போன மாதம் கிலோவுக்கு என்ன விலை கிடைத்தது?” என்பதை ஒருவர் “விலை ரொம்பக் கம்மிதானே கிடைச்சுது?” என்று மாற்றிவிட்டால், அவருக்குக் கிடைக்கும் பதிலும் இன்னொருவருக்குக் கிடைக்கும் பதிலும் ஒரே தராசில் நிற்காது. அப்படியானால் கேள்வியையும் பேச்சுத் தமிழிலேயே எழுதிவிடலாமே? எழுதலாம், எழுத வேண்டும். எல்லோரும் அதையே கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்த மலையின் குரல்கள்

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி நீலகிரி மாவட்டத்தில் 7,35,394 பேர். இந்தச் சின்ன மாவட்டத்தில் எத்தனை பேச்சு! ஹட்டிகள் எனப்படும் படுகர் ஊர்களில் படுக மொழி. கூடலூர், பந்தலூர் பக்கம் மலையாளம். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர் என ஒவ்வொருவருக்கும் சொந்த மொழி. சமவெளியிலிருந்து வந்தவர்களின் கொங்குத் தமிழ். 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையின் மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் தமிழ். வேறு ஊரிலிருந்து ஒருவர் கூப்பிட்டு வாயைத் திறந்ததும், தான் எந்தப் பக்கத்து ஆள் என்று சொல்லிவிடுகிறார். எடுத்தவரும் அதேபோல் சொல்லிவிடுகிறார்.

அடுத்த வருஷம் தோட்டத் தொழிலாளர்களிடம் ஒரு சர்வே எடுத்தோம். புதிதாகச் சேர்ந்த ஒருவர் நல்ல மனதோடுதான் கேட்டார்: “நீங்க எந்த ஊருங்க? பேச்சு வேற மாதிரி இருக்கே?” எதிர்ப்பக்கம் ஒரு நொடி சத்தமே இல்லை. அப்புறம் லைன் போய்விட்டது. மறுபடி கூப்பிட்டோம், எடுக்கவில்லை. தாயகம் திரும்பிய குடும்பம் அது. அறுபது வருஷமாக “நீ எந்த ஊர்?” என்ற கேள்விக்குக் காகிதம் காட்டிப் பதில் சொல்லி அலுத்துப்போனவர்கள். கூப்பிட்டவரின் குரலில் கேலி இல்லை என்பதை நான் ஒலிப்பதிவில் கேட்டேன். ஆனால் எடுத்தவர் காதில் விழுந்தது எங்கள் குரல் மட்டும் இல்லை, அதற்கு முன்னால் கேட்ட எல்லாக் குரலும். அன்றிலிருந்து பேச்சு வழக்கைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லக்கூடாது என்பது எங்கள் முதல் விதி.

அப்படியானால் அவரவர் மொழி பேசுகிறவரையே வைத்துக் கூப்பிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? ஒப்புக்கொள்வது சுலபமாகிறது, உண்மை. எங்களில் ஒருவர் படுகர். அவர் படுக மொழியில் ஆரம்பித்தால் “எந்த ஹட்டி?” என்று உடனே உறவு தேட ஆரம்பித்துவிடுவார்கள், சர்வே தானாக நடக்கும். ஆனால் கடன் பற்றிய கேள்வி வந்ததும் பதில் சுருங்கிவிடும். நாளைக்கே ஒரு கல்யாணத்தில் பார்க்கப் போகிற பையனிடம் கடன் கணக்கை யார் சொல்வார்கள்? நெருக்கமான குரல் வாசலைத் திறக்கிறது, உள்ளறையை மூடுகிறது. கேட்கப் போவது என்ன என்பதைப் பார்த்துத்தான் ஆளை முடிவு செய்ய வேண்டும். விலை, உரம் என்றால் உள்ளூர்க் குரல். கடன், குடி, வீட்டுச் சண்டை என்றால் மொழி தெரிந்த, ஆனால் ஊர் வேறான குரல். எங்களுக்கு ஒத்து வந்தது இதுதான்.

பயப்படுகிறவர் சொல்வதிலும் நியாயம் உண்டு

தெரியாத நம்பரை இன்று யாரும் நிம்மதியாக எடுப்பதில்லை. வங்கியிலிருந்து பேசுகிறோம், போலீஸிலிருந்து பேசுகிறோம் என்று சொல்லிப் பணம் பறிக்கிறார்கள். அப்படி ஏமாந்தால் புகார் சொல்ல 1930 என்ற எண் இருக்கிறது என்று அரசாங்கமே விளம்பரம் செய்கிறது. ஏமாற்றுகிறவர்களின் குரலும் தடங்கல் இல்லாத, நல்ல பயிற்சி பெற்ற குரல்தான். ஆகவே வழுக்கும் குரலைக் கேட்டதும் போனை வைப்பவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அவர் தன்னைக் காத்துக்கொள்கிறார்.

குரலுக்கு முன்னால் வரும் மௌனத்தையும் கவனியுங்கள். பெரிய கால் சென்டர்களில் ஒரே நேரத்தில் பல நம்பர்களைக் கம்ப்யூட்டரே அழைக்கும். யாராவது எடுத்த பிறகுதான் பேசுகிறவரோடு இணைக்கும். நீங்கள் “ஹலோ” என்கிறீர்கள், ஒன்றிரண்டு விநாடி எதுவும் இல்லை, பின்னால் பலர் பேசும் இரைச்சல், அப்புறம் “வணக்கம் சார்”. அந்த இரண்டு விநாடியிலேயே இது விற்பனை அழைப்பு என்று காது முடிவு செய்துவிடுகிறது. அதற்கு மேல் குரல் தேனாக இருந்தாலும் பலன் இல்லை. நாங்கள் கையாலேயே நம்பர் போட்டோம். “ஹலோ” கேட்ட உடனே பேசினோம். ஆதார், ஓடிபி, வங்கிக் கணக்கு எதையும் கேட்க மாட்டோம் என்று முதலிலேயே சொன்னோம். அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தி முடிக்க வேண்டும். மேலே ஏற்றி முடித்தால் விளம்பரம் மாதிரி கேட்கும்.

குரல் எங்கிருந்து வருகிறது?

ஆய்வுகளைப் படிக்கும்போது எச்சரிக்கையாக இருக்க வேண்டிய ஒரு இடம் உண்டு. தெம்பான குரலுக்கு ஆட்கள் ஒப்புக்கொள்கிறார்களா, ஆட்கள் ஒப்புக்கொள்வதால் குரல் தெம்பாகிறதா? இரண்டும் நடக்கும். வரிசையாக ஐந்து பேர் “வேண்டாம்” என்று சொன்ன பிறகு ஆறாவது அழைப்பைக் கேட்டுப் பாருங்கள். வணக்கத்திலேயே சோர்வு தெரியும். சிலர் வேகத்தைக் கூட்டுவார்கள், மறுப்பதற்குள் சொல்லி முடித்துவிட வேண்டும் என்ற பதற்றம். சிலர் “உங்களுக்கு இப்ப நேரம் இருக்காதுங்களே...” என்று தாங்களே மறுப்பை எடுத்துக் கொடுப்பார்கள். போன அழைப்பின் “வேண்டாம்” அடுத்த அழைப்பின் குரலுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது.

அதனால் குரல் என்பது ஆளின் தொண்டையில் மட்டும் இருக்கும் விஷயம் இல்லை. எத்தனை மணி நேரம் பேச வைக்கிறோம், ஒரு நாளைக்கு எத்தனை முடிக்க வேண்டும் என்று நெருக்குகிறோம், மறுப்பு வந்தால் திட்டுகிறோமா, எல்லாம் குரலில் வரும். முடித்த படிவத்துக்கு இவ்வளவு என்று மட்டும் கூலி கொடுக்கும் இடங்களில் குரல் கெஞ்ச ஆரம்பித்துவிடும். ஒருவருக்கு மூன்று மறுப்பு தொடர்ந்து வந்தால் எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வர வேண்டும் என்று நாங்கள் வைத்திருந்தோம். செலவு ஒரு டீ. பலன் அடுத்த அழைப்பில் கேட்டது.

இன்னொன்று. “இப்ப முடியாதுங்க” வேறு, “வேண்டாங்க” வேறு. முதலாவதற்கு எப்போது கூப்பிடலாம் என்று கேட்டு, அந்த நேரத்துக்குச் சரியாகக் கூப்பிட வேண்டும். இரண்டாவதற்கு நன்றி சொல்லி வைக்க வேண்டும். குரலைக் குழைத்து “வேண்டாங்க”வை “சரிங்க” ஆக்குவது என் பயிற்சியில் கிடையாது. அப்படி இழுத்து வந்தவர் மூன்றாவது கேள்வியிலிருந்து எதையாவது சொல்லி முடிக்கத்தான் பார்ப்பார். அது வெற்றுப் படிவத்தைவிட மோசம். வெற்றுப் படிவம் பொய் சொல்லாது.

பேச்சுப் போட்டித் தம்பியை என்ன செய்தோம் என்று சொல்லவில்லையே. குரலை மாற்றச் சொல்லவில்லை. அவருடைய ஐந்து அழைப்புகளை அவருக்கே போட்டுக் காட்டினோம். முதல் பதிவிலேயே கண்டுபிடித்துவிட்டார். “அண்ணா, நான் மூச்சே விடல. அவங்க ‘யாருப்பா’ன்னு ஆரம்பிக்கிறாங்க, நான் அது மேலயே பேசிட்டுப் போறேன்.” எழுதிய காகிதத்தைக் கவிழ்த்து வைத்தார். ஊர்ப்பெயரைச் சொன்னதும் நிறுத்தி, எதிர்ப்பக்கம் ஒரு சத்தம் வரும் வரை காத்திருக்கப் பழகினார். முதல் இரண்டு நாள் அந்த மௌனம் அவருக்குத் தாங்கவில்லை, கை போனை இறுக்கிப் பிடித்திருக்கும். மூன்றாம் நாள் சாயங்காலம், கட்டபெட்டுப் பக்கம் ஒரு அம்மா. “கோத்தகிரியில இருந்து பேசறேங்க” என்று சொல்லிவிட்டு நிறுத்தினார். மாட்டு மணிச் சத்தம் கேட்டது. அப்புறம் குரல் வந்தது.

“கோத்தகிரியா? சொல்லு கண்ணு.”

“தேயிலை விலை பத்திக் கேக்கணும்ங்கம்மா. ஒரு பத்து நிமிஷம்...”

“மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு இருக்கேன். ஏழரைக்கு மேல கூப்பிடறியா?”

பட்டியலில் அந்த நம்பருக்கு எதிரே 7.40 என்று எழுதி வட்டம் போட்டார்.